அணைக்கு எடுத்த மார்பளவுப் படம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மார்பளவு எங்கே இருக்கார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். பள்ளிக்கூடத்துக்கு, வேலைக்கு, வங்கிக்கு என்று எதற்கு விண்ணப்பம் போட்டாலும் மார்பளவுப் படம் கேட்பார்கள் அல்லவா, அதை எடுப்பதுதான் அவர் பிழைப்பு. முப்பத்திரண்டு வருஷமாக அதே பிழைப்பு. கல்யாணப் படம் எடுக்கப் போனதே இல்லையா என்றால், ஒரே ஒரு முறை போனார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக உட்கார வைத்து, நேரே பார்க்கச் சொல்லி, மார்புக்கு மேலே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். "ரெண்டு பேருக்கும் அடையாள அட்டை வாங்கித் தரப் போறீங்களான்னு பொண்ணோட அப்பா கேட்டாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

கடை பெரிய கடை ஒன்றும் இல்லை. முன்னறையில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, ஒரு பக்கம் வெள்ளை மறுபக்கம் நீலம் என்று திருப்பிப் போடுகிற துணி. கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் சீப்பு. கட்டாவிட்டால் மறுநாள் இருக்காது. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்ட ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். ஒல்லி ஆளுக்கு முதுகில் துணிக் கிளிப் மாட்டி இறுக்குவார். குண்டு ஆளுக்காக முதுகுத் தையலைப் பிரித்தே வைத்திருந்தார். முன்னால் நின்று பார்த்தால் எல்லாரும் பெரிய மனிதர்.

படம் எடுக்க அரை நிமிஷம் போதும். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டச்சப் செய்வார், அதுதான் அவர் வித்தை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எதையும் விட மாட்டார். முகத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்வார், பார்க்கிறவர்களுக்கு அது மூக்கா முழங்காலா என்றே தெரியாது. வெறும் புள்ளி. கறுத்த புள்ளியைப் பக்கத்து வெளுத்த புள்ளியால் மூடிக்கொண்டே போவார். வேலை முடிந்ததும் டச்சப் செய்யாத படத்தை அன்றைக்கே அழித்துவிடுவார், கேமராவில்கூட வைக்க மாட்டார். முன்பு ஒரு பெண் தன் அசல் படத்தைத் தற்செயலாகத் திரையில் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டாள். அன்றிலிருந்து கடையில் இரண்டு சட்டம். அசல் தங்கக் கூடாது. யார் முகத்திலிருந்து எதை எடுத்தோம் என்று அவர்களிடமே வாய் திறக்கக் கூடாது.

இந்த வித்தையைத் தன் முகத்திலும் காட்டினார். வங்கிக்குப் படம் வேண்டியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம் என்று ஆரம்பித்தவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெண் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க பையனை வரச் சொல்லுங்க சார், அவர்தான் கையெழுத்துப் போடணும்" என்றாள். அவருக்குப் பையனே கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷரைத்தான் அணையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது வேறு யாரும் இல்லை, அவர் வீட்டுக்காரியின் அண்ணன். நீர்த்தேக்கத்தில் காவலாளி. ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். அணைச் சுவருக்குக் கீழேயே இரண்டு அறைக் குடியிருப்பு. காலையும் மாலையும் சுவர்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும், தண்ணீர் எத்தனை அடி என்று அளவுகோலைப் பார்த்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத ஆள். தங்கை நாலு வார்த்தை பேசினால் இவர் தலையை ஒரு முறை ஆட்டுவார்.

அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில், மூன்றாவது மதகுக்கு மேலே உள்ளிருந்து ஈரம் கசிந்து ஓதம் கண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலம். போன குளிர்காலத்தில் ஜன்னல் அகலம். இப்போது ஒரு வீட்டு வாசற்கதவை அதற்குள் சாய்த்து வைக்கலாம். பெரிதாகப் பெரிதாகக் காவலாளி அதன் ஓரத்தைச் சுண்ணாம்பால் சுற்றிக் கோடு போட்டு வைத்தார். இப்போது வளையத்துக்கு வெளியே வளையமாக மூன்று கோடு.

ஆனால் அந்த ஓதம் விடியற்காலைக் குளிரில்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கம் கிழக்கு. வெயில் ஏறினால் ஒன்பது மணிக்குள் உலர்ந்துவிடும். அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்குவது பதினொரு மணிக்கு. மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் உலர்ந்த சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் கிறுக்கியது யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காவலாளி தன் போனில் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அணைப் பொறுப்பில் இருந்த பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, இது உங்க வீட்டுக் குளியலறைச் சுவரா என்றார். கூடவே ஒரு கடிதமும் வந்தது. இன்னொரு முறை பொய்ப் புகார் எழுதினால் தொலைவில் இருக்கும் சாமான் கிடங்குக்கு மாற்றிவிடுவோம் என்று.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "என்னை எங்க வேணா மாத்தட்டும் மாப்பிள்ளை. நான் போயிட்டா அந்தச் சுவத்தைக் காலையில பாக்க ஆள் இல்ல. கீழ இருபது வீடு இருக்கு." தண்ணீர், சுவர், அளவுகோல், ஓதம் எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும், வெயிலுக்கு முன்னால் எடுக்க வேண்டும், அப்போது யாரும் குளியலறை என்று சொல்ல முடியாது. இதுதான் அவர் கேட்டது. ஒரு குழந்தைக்குச் சொன்னாலும் புரிந்திருக்கும்.

மார்பளவுக்கும் புரிந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் வந்து, கழுத்து இல்லாத ஒன்றைப் படம் எடுக்கச் சொல்கிறார் என்ற சந்தோஷம் புரிந்ததையெல்லாம் அமுக்கிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மலையாம், மூடுபனியாம், தண்ணீராம், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரி அண்ணனைப் பார்த்து, "போயும் போயும் இவர்கிட்டயா கேக்குற? அணைக்கும் அந்தக் கோட்டை மாட்டிவிட்டுத்தான் எடுப்பாரு" என்றாள்.

முந்தின நாள் சாயங்காலமே போய் மச்சான் குடியிருப்பில் தங்கினார். விடிய ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு சட்டை போட்டு, தலையில் வீட்டுக்காரியின் சால்வையைச் சுற்றி, கைக்கு உறை இல்லாததால் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டார். அதற்கெல்லாம் மேலே கடைக் கோட்டு. முன்பக்கம் கதகதப்பாகத்தான் இருந்தது. பிரித்து வைத்த தையல் வழியாகக் குளிர் நேராக முதுகுத்தண்டில் இறங்கியது. எத்தனை குண்டு ஆட்கள் இந்தக் கோட்டில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தருக்காவது தைத்து வைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

அணையின் ஓரத்தில் ஒரு மேடு உண்டு. அங்கே நின்றால் இந்தக் கையில் தண்ணீர், அந்தக் கையில் சுவரின் வெளிப்பக்கம், இரண்டும் தெரியும். ஸ்டாண்டைப் போட்டார். மூச்சு விட்டால் லென்ஸ் மூடிக்கொண்டது, மூச்சைப் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேமராவை வழக்கம்போல நிமிர்த்தி வைத்திருந்தார். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படுக்க வைங்க மாப்பிள்ளை, தண்ணி படுத்துத்தானே இருக்கு" என்றார்.

தண்ணீர்மேலிருந்து ஆவி எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அக்கரை மலைகள் ஒன்றின் தோளுக்குப் பின்னால் ஒன்றாக, எல்லாம் சாம்பல் நிறம். சுவரில் அந்த இடம் மட்டும் இப்போதுதான் நனைத்துப் போட்ட துணிபோலக் கறுத்துக் கிடந்தது. தெரியுதா என்று மச்சான் கேட்டார். தெரியுது என்று இவரும் சொன்னார். பொய் இல்லை, கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, அசையாதீங்க" என்று முணுமுணுத்தார். ஒரு நீர்க்கோழி குறுக்கே நீந்தியது. அதையும் நேரே பார்க்கச் சொன்னார். நாற்பது படம் எடுத்து, நாற்பதாவது நல்ல படம் என்று அவருக்கே தெரிந்தது.

பத்து மணிக்குக் கடைக்கு வந்து, சால்வையைக்கூட அவிழ்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கையில் காபி. படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மலை போயிற்று, தண்ணீர் போயிற்று, புள்ளிதான் மிச்சம். கறுத்த புள்ளி ஒரு கூட்டம், அதைச் சுற்றி வெள்ளையாக மூன்று கீறல். கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. இதில் அவருக்காக வக்காலத்து வாங்க ஒன்றும் இல்லை, செய்தது செய்ததுதான். கால் மணி நேரத்தில் அந்த அணைச் சுவர் பச்சைக்குழந்தையின் கன்னம்போல ஆகிவிட்டது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, சுவர் நேற்றுக் கட்டினதுபோல இருக்கே என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். படத்தைப் பொறியாளர் ஆபீசுக்கு அனுப்பினார், மச்சானுக்கும் ஒன்று அனுப்பினார். மச்சானின் போனில் அணை தீக்குச்சி நீளம்தான் தெரியும். பிறகு சட்டப்படி நாற்பது அசலையும் அழித்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தார். நேரே உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவர் விளக்கைப் போட்டார். மச்சான் மடியில் ஒரு காகிதத்தை விரித்தார். ஆபீசில் பெரிதாக அச்செடுத்த அந்தப் படம். பொறியாளர் அதை மேஜையில் விரித்து, எங்கே உங்கள் ஓதம், விரலை வையுங்கள் பார்க்கலாம் என்றாராம். விரலை வைக்கப் போனவருக்கு வைக்க இடம் கிடைக்கவில்லை.

"அரை நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாப்பிள்ளை" என்றார்.

படத்தைப் பார்த்ததும் மார்பளவுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. அப்போதும், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், முதலில் மனதில் ஓடியது வேலை எவ்வளவு சுத்தம் என்பதுதான். ஓரம் தெரியவில்லை, ஒட்டு தெரியவில்லை. பெரிய வித்தைக்காரன்டா நீ என்று தன்னைத்தானே மனதுக்குள் காறித் துப்பினார். கம்ப்யூட்டரில் தேடினார், கேமராவில் தேடினார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது சட்டத்தை மறந்து தொலைத்திருக்கக் கூடாதா.

அணைக்குப் பரு வந்திருக்கு என்று நினைத்தீர்களா என்று வீட்டுக்காரி கேட்டாள். அண்ணனுக்கு மாற்றல் உத்தரவு வருகிற திங்கட்கிழமை என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மறுபடியும் அதே மேடு, அதே காலுறை, அதே முதுகுக் குளிர். மறுபடியும் எடுத்தார். இந்த முறை கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்காமல், வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையாலேயே அச்செடுத்தார். மச்சானையும் கூட்டிக்கொண்டு பொறியாளர் ஆபீசுக்குப் போனார்.

பொறியாளர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்தில் ஓதத்தை அழித்தது நான்தான் என்று மார்பளவு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

"ஒண்ணை அழிக்கத் தெரிஞ்சவருக்கு ஒண்ணைப் போடத் தெரியாதா?" என்றார் பொறியாளர். "மச்சானுக்காக வந்திருக்கீங்க. படமெல்லாம் எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

அவர் இடத்தில் இருந்தால் இவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். மச்சான் ஏற்கனவே எழுந்து நின்றுவிட்டார், சட்டைப்பையில் அந்தக் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. படங்களைச் சுருட்டக் குனிந்தபோதுதான் பொறியாளர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை கண்ணில் பட்டது. ஆறு மாசத்துக்கு முன் சொந்தக் கோட்டில் வந்து இவர் கடையில் எடுத்துக்கொண்ட படம். அட்டையில் இருந்த இடது கன்னம் உரித்த முட்டை. நாற்காலியில் இருந்த இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மரு.

வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம்தான். அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுததுதான் மச்சானை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"சார், கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "அந்த அட்டையில இருக்கிற படம் நான் எடுத்தது. அதுலயும் ஒண்ணை அழிச்சிருக்கேன்."

பொறியாளர் நிமிர்ந்தார்.

"படத்துல அழிச்சேன் சார். ஆனா கன்னத்துல அப்படியே இருக்கே."

அறை மூலையில் இருந்த குமாஸ்தா சட்டென்று ஒரு கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. பொறியாளரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது, தொட்டது, கீழே இறங்கியது. வெளியே போங்க என்று சொல்லப் போகிறார் என்று மார்பளவு ஒரு காலைப் பின்னால் வைத்தார். பொறியாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு முதல் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றார், காவலாளியைப் பார்த்து.

"ஆறு மணிக்கு சார். ஏழரைக்கு மேல வெயில் ஏறிடும்."

சனிக்கிழமை ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஜீப் வந்தது. பொறியாளர் அந்த நேரத்தில் அணையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, பதினொரு மணிச் சட்டையில் வந்து இறங்கினார். கை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டும் பல் அடித்துக்கொண்டது. மார்பளவு தன் கோட்டைக் கழற்றி நீட்டினார். அவர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஊரில் அந்தக் கோட்டுக்குள் போகாமல் மிச்சமிருந்த ஒரே பெரிய மனிதரும் போய்விட்டார். நல்ல பருமனான உடம்பு, பிரித்த தையல் வசதியாக விரிந்து கொடுத்தது.

சுவரின் வெளிப்பக்கப் படியில் மூன்று பேரும் இறங்கினார்கள். ஓதம் மூன்றாவது சுண்ணாம்புக் கோட்டையும் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. பொறியாளர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். கை நனைந்திருந்தது. மறுபடியும் வேறு இடத்தில் வைத்தார். அப்புறம் திரும்பிக் கீழே பார்த்தார். இருபது வீட்டிலும் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எழுதிக் கொடுத்திருக்கேன் சார். மூணு தடவை" என்றார் காவலாளி.

பொறியாளர் அங்கேயே நின்று போனை எடுத்து, தண்ணீரை எத்தனை அடிக்குக் குறைக்க வேண்டும், யார் யார் இன்றைக்கே வர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். காவலாளியிடம் கையை நீட்டினார். அவர் குலுக்க வேண்டுமாக்கும் என்று தன் கையை நீட்டப் போனார். கேட்டது கடிதத்தை. வாங்கி, நாலாக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை நீங்க எங்கேயும் போக வேண்டாம். இதே இடத்துல இருங்க."

அப்புறம் மார்பளவைப் பார்த்து, படம் எடுக்கச் சொன்னார். சுவர், கோடு, நனைந்த இடம், அதில் தன் கை, எல்லாம் வர வேண்டும், எதையும் தொடக் கூடாது. எடுத்தார். படுக்க வைத்தே எடுத்தார். தாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அசலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி வைக்கப் போவதாகத் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார்.

படியேறத் திரும்பும்போது பொறியாளர் மெதுவாகக் கிட்டே வந்தார். மச்சானுக்குக் கேட்காத குரலில், "கன்னத்தை மட்டும் கொஞ்சம் பாத்துக்க முடியுமா?" என்றார்.

"அதை அழிச்சா சுவத்தை யாரும் நம்ப மாட்டாங்க சார்."

பொறியாளர் யோசித்தார், தலையை ஆட்டினார், முன்னால் ஏறிப் போனார். கோட்டின் முதுகு இரண்டாகப் பிளந்து, சட்டை காற்றில் பலூன்போல உப்பிக்கொண்டு போயிற்று. மச்சான் அதைப் பார்த்தார். இரண்டு வருஷமாகச் சிரிக்காத ஆள், சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். எடுங்க மாப்பிள்ளை, எடுங்க என்று கையால் சாடை காட்டினார்.

மார்பளவு கேமராவை உறைக்குள் போட்டு மூடிவிட்டார். முதுகை எடுத்துப் பழக்கம் இல்லை.